ஒன்றுபோலத் தோன்றும் விலங்கியல் சொற்களைக் குழப்பமின்றிப் பிரித்தறிவது எப்படி?

இரண்டு சொற்கள் குழப்பினால் இரண்டின் வரையறைகளையும் அருகருகே எழுதி வைத்துப் படிப்பதுதான் வழக்கம். பெரும்பாலும் அது கைகொடுப்பதில்லை. இரண்டு வரையறைகளும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளால் ஆனவை என்பதால், சில நாட்களில் எது எதனுடையது என்பது மாறிப்போய்விடும். வரையறைக்கு முன்னால் ஒரு கேள்வியை எழுதுங்கள்: விலங்கைப் பற்றி யார் எதைக் கேட்டால் இந்தச் சொல் பதிலாக வரும்?

ஒரு தாளில் அட்டவணைபோல நெடுக்காக நான்கு பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் சொல். இரண்டாவதில் அது பதில் சொல்லும் கேள்வி. மூன்றாவதில் அது எதன்மீது ஒட்டும் என்பது: உறுப்பா, வாழ்க்கைப் பருவமா, தனி விலங்கா, முழு இனமா, இரண்டு உயிர்களுக்கு இடையிலான உறவா? நான்காவதில் சொல்லைத் திணறடிக்கும் ஒரு விலங்கு. சிங்கம், புறா போன்ற பாடப்புத்தக எடுத்துக்காட்டுகள் இந்த நான்காம் பத்திக்கு ஆகாது. அவை எந்த வரையறைக்கும் பணிந்துபோகும்.

இப்படி எழுதியதும் இரண்டு சொற்களுக்கும் என்ன உறவு என்பது தெரிந்துவிடும். இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் என்றால், ஒரு விலங்குக்கு ஒன்றுதான் பொருந்தும். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்குவதாகவும் இருக்கலாம்: முதுகெலும்பிகள் எல்லாமே முதுகுநாணிகள்தான், ஆனால் ஆம்பியாக்சஸ், கடல் பீச்சி ஆகிய கடல் விலங்குகள் முதுகெலும்பே இல்லாத முதுகுநாணிகள். மூன்றாவது வகையில் இரண்டு சொற்களும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில். அப்போது இரண்டும் ஒரே விலங்குக்குப் பொருந்தலாம், ஒன்றுகூடப் பொருந்தாமலும் போகலாம். பெரும்பாலான பிழைகள் இந்த மூன்றாவது வகையை முதல் வகையாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

உடல் வெப்பம்: ஒரு சொல்லுக்குள் இரண்டு கேள்விகள்

‘குளிர் இரத்தப் பிராணி’ என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வையுங்கள். வெயில் காயும் பாலைவனப் பல்லியின் உடல் 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதன் இரத்தம் நம்முடையதைவிடச் சூடாகவே இருக்கக்கூடும்.

இங்கே கலந்து கிடக்கும் கேள்விகள் இரண்டு. வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. உடலுக்குள் நடக்கும் வளர்சிதை மாற்றத்திலிருந்து பெருமளவு வந்தால் அகவெப்ப விலங்கு. வெயில், பாறை, நீர் ஆகியவற்றிலிருந்து வந்தால் புறவெப்ப விலங்கு. உடல் வெப்பநிலை நிலையாக இருக்கிறதா என்பது இன்னொன்று. இருந்தால் மாறா வெப்ப விலங்கு, இல்லையென்றால் மாறுவெப்ப விலங்கு. அகவெப்பம் என்றாலே மாறா வெப்பம் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

இரண்டுக்கு இரண்டு என்று நான்கு கட்டம் போட்டு விலங்குகளை நிரப்பிப் பாருங்கள். யானையும் ஓணானும் எளிதான கட்டங்களில் உட்கார்ந்துகொள்ளும். கஷ்டம் மற்ற இரண்டில். அண்டார்டிக் கடலில், ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரி நீரில், ஆண்டு முழுவதும் வாழும் மீன்களின் உடல் வெப்பநிலை அநேகமாக மாறுவதே இல்லை. ஆனால் வெப்பம் வெளியிலிருந்துதான். அவை புறவெப்ப விலங்குகள், அதே சமயம் மாறா வெப்பமுடையவை. நேர் எதிர்க் கட்டத்தில் ஒட்டகம். நீர் கிடைக்காத கோடையில் அதன் உடல் அதிகாலையில் 34 டிகிரி வரை இறங்கி, மாலையில் 40 டிகிரியைத் தொடும். வியர்வையாக இழக்க வேண்டிய நீரை இந்த ஏற்ற இறக்கம் மிச்சப்படுத்துகிறது. உள்வெப்பம் இருந்தும் நிலை மாறும் விலங்கு இது.

சூரை மீன் இன்னும் சிக்கல் தரும். தசைகள் போன்ற அதன் சில பகுதிகள் மட்டும் சுற்றியுள்ள நீரைவிடச் சூடானவை. எதிரெதிர் திசையில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெப்பம் செவுள்வழி தப்பிப்போகாமல் பிடித்து வைக்கின்றன. எனவே ‘சூரை அகவெப்ப விலங்கு’ என்பதைவிட ‘சூரையின் சில உடல் பகுதிகள் அகவெப்பமுடையவை’ என்று எழுதுவதே சரி. மூன்றாம் பத்தி, அதாவது சொல் எதன்மீது ஒட்டுகிறது என்பது, இங்கேதான் வேலை செய்கிறது. கிட்டத்தட்ட உடல் முழுவதையும் சூடாக வைத்திருக்கும் மீனாக ஓபா 2015இல் அறிவிக்கப்பட்டது. ‘மீன்கள் எல்லாமே புறவெப்ப விலங்குகள்’ என்று குறிப்பேட்டில் இருந்தால் ‘எல்லாமே’ என்பதை அடித்துவிடுங்கள்.

குளிர்கால உறக்கத்துக்கும் இதே பாடம்தான். மந்தநிலை என்பது உடலியக்கம் தணிந்திருக்கும் நிலையின் பெயர். சில மணி நேரமும் நீடிக்கலாம், சில வாரமும் நீடிக்கலாம். குளிர்கால உறக்கம் என்பது அத்தகைய மந்தநிலைகள் தொடராக வரும் பருவத்தின் பெயர். பறந்தபடியே தேன் குடிக்கும் அமெரிக்க ஹம்மிங் பறவை இரவில் மந்தநிலைக்குப் போகும், விடிந்ததும் திரும்பும். அதைக் குளிர்கால உறக்கம் என்பதில்லை. ஆர்க்டிக் தரை அணிலின் உடல் வெப்பநிலை மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கியது அளக்கப்பட்டிருக்கிறது. கரடியின் உடலோ பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே போவதில்லை, ஆனால் வளர்சிதை மாற்றம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ‘கரடி உறங்குகிறதா, இல்லையா’ என்ற பழைய சண்டை முழுவதும், வெப்பநிலையை அளவுகோலாகக் கொள்வதா வளர்சிதை மாற்றத்தைக் கொள்வதா என்பதைப் பொறுத்தது. எழுதும்போது எந்த அளவுகோல் என்று சொல்லிவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

நஞ்சு: பொருளைப் பார்க்காதீர்கள், வழியைப் பாருங்கள்

தமிழில் நாகமும் நச்சுடையது, பேத்தை மீனும் நச்சுடையது. உயிரியலில் இவை இரண்டு வகை. பல், கொடுக்கு, முள் என ஏதாவது ஒரு கருவியால் காயம் உண்டாக்கி உள்ளே செலுத்துவது ஒன்று. தின்பவரையோ தொடுபவரையோ தாக்கும்படி உடலிலேயே தங்கியிருப்பது மற்றொன்று. முன்னதற்குச் ‘செலுத்து நஞ்சு’ என்றும் பின்னதற்கு ‘உடல் நஞ்சு’ என்றும் நீங்களே பெயர் வைத்துக்கொண்டு, கட்டுரை முழுவதும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். விஷம், விடம், நஞ்சு என்று நடைக்காக மாற்றி மாற்றி எழுதினால், வேறுபாடு உங்களுக்குத் தெரிந்திருந்தும் படிப்பவருக்குப் போய்ச் சேராது.

வேறுபாடு வேதிப்பொருளில் இல்லை என்பதற்குச் சான்று டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு. பேத்தை மீனின் ஈரலிலும் சூலகத்திலும் இருந்து தின்பவரைக் கொல்வதும் அதுதான். நீல வளைய ஆக்டோபஸ் கடிக்கும்போது உமிழ்நீரோடு உள்ளே போவதும் அதுதான். இந்த ஆக்டோபஸின் மற்ற உடல் பகுதிகளிலும் அதே நஞ்சு இருப்பதால் அது இரண்டு வகையிலும் சேரும். ஆசியாவின் புலிக் கீல்பேக் பாம்பும் அப்படித்தான். அதன் பின்பற்களில் செலுத்து நஞ்சு உண்டு. கழுத்துச் சுரப்பிகளில் இருப்பதோ, தின்ற தேரைகளிடமிருந்து சேர்த்துவைத்த உடல் நஞ்சு. தேரைகள் இல்லாத தீவில் வாழும் இதே இனப் பாம்புகளின் சுரப்பிகளில் அது காணப்படவில்லை. ஆகவே ‘இந்த இனம் நச்சுடையது’ என்பதுகூடச் சில நேரம் அது எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது என்பதைப் பொறுத்தது.

காயம் உண்டாக்காமல் நஞ்சைப் பீய்ச்சும் நாகங்களை எங்கே வைப்பது? கடித்தால் அது செலுத்து நஞ்சு. கண்ணில் துப்பினால் அந்தக் கணத்தில் அப்படி இல்லை. இதைத் தனி மூன்றாம் வகையாக வைப்போரும் உண்டு. குறிப்பேட்டில் ஒரு வரி இடம் விட்டு வைத்தால் போதும்.

அமைப்பொத்த உறுப்பு, செயலொத்த உறுப்பு

பொது மூதாதையின் ஒரே உறுப்பிலிருந்து வந்தவை அமைப்பொத்தவை; தனித்தனியே தோன்றி ஒரே வேலையைச் செய்பவை செயலொத்தவை. தேர்வுகளில் அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறாக எழுதப்படுவதும் இதுதான் எனலாம். ‘வௌவாலின் இறக்கையும் பறவையின் இறக்கையும் அமைப்பொத்தவையா, செயலொத்தவையா?’ என்று கேட்டால் பாதிப்பேர் ஒன்றையும் பாதிப்பேர் மற்றதையும் எழுதுவார்கள். இரு தரப்பும் பாதி சரி. கேள்விதான் அரைகுறை. முன்னங்கால் என்ற அளவில் இரண்டும் அமைப்பொத்தவை. இறக்கை என்ற அளவில் செயலொத்தவை. இரண்டுக்கும் பொதுவான மூதாதையிடம் நான்கு கால்கள் இருந்தன, இறக்கை இருக்கவில்லை.

எலும்புக்கூட்டை எடுத்துப் பார்த்தால் இது கண்ணெதிரே விளங்கும். தோளிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஒற்றை மேற்கை எலும்பு, அடுத்து ஆரை எலும்பு, முழங்கை எலும்பு என்று இரண்டு, பிறகு மணிக்கட்டு, விரல்கள். வௌவாலிலும் பறவையிலும் இந்த வரிசை ஒன்றேதான். பறக்கும் பரப்பு எங்கே விரிகிறது என்று இப்போது பாருங்கள். வௌவாலில் கட்டைவிரல் தனியே நிற்க, மற்ற நான்கு விரல்களும் குடைக்கம்பிகளாக நீண்டு தோலைத் தாங்குகின்றன. பறவையில் விரல்கள் குறைந்து, ஒன்றோடொன்று இணைந்து, குட்டையாகிவிட்டன; பரப்பு பெரும்பாலும் இறகுகளால் ஆனது. அழிந்துபோன டெரோசாரில் நான்காம் விரல் ஒன்று மட்டும் மிக நீண்டு தோல்பரப்பைத் தாங்கியது. வேர் ஒன்று, பறக்கும் வழி மூன்று.

எனவே இந்தச் சொற்களைத் தனியாக எழுதவே எழுதாதீர்கள். ‘அமைப்பொத்தவை’ என்று எழுதினால் அடுத்து ‘எதுவாக?’ என்பதற்கும் பதில் எழுதுங்கள். முன்னங்காலாக, தாடை எலும்பாக, செதிலாக. இந்த ஒரு பழக்கமே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

அமைப்பொத்தது என்று முடிவு செய்ய வடிவ ஒற்றுமை போதாது, செயல் ஒற்றுமையோ தேவையே இல்லை. மூன்றைச் சோதியுங்கள். சுற்றியுள்ள உறுப்புகளோடு அது இணையும் இடம் ஒன்றா? கருவளர்ச்சியில் ஒரே இடத்திலிருந்து தோன்றுகிறதா? இடைப்பட்ட உறவு விலங்குகளிலும் புதைபடிவங்களிலும் படிப்படியான தொடர்ச்சி இருக்கிறதா? நம் நடுக்காதின் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் பல்லியின் தாடை மூட்டு எலும்புகளோடு அமைப்பொத்தவை. வடிவத்திலும் வேலையிலும் சிறிதும் ஒற்றுமை இல்லை. கருவளர்ச்சியும் புதைபடிவங்களும்தான் இதைக் காட்டிக்கொடுத்தன.

எதிர்த்திசையில் ஏமாற்றுவது கண். ஆக்டோபஸின் கண்ணிலும் நம் கண்ணிலும் வில்லை உண்டு, விழித்திரை உண்டு, பாவை உண்டு. ஆனால் நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளி வரும் பக்கமாக ஓடிப் பின் ஒரு துளைவழி வெளியேறுவதால் குருட்டுப் புள்ளி உண்டாகிறது. ஆக்டோபஸில் அவை பின்பக்கமாகவே போவதால் அந்தப் புள்ளி இல்லை. கேமரா போன்ற கண்ணாக இவை செயலொத்தவை. இரண்டின் வளர்ச்சியையும் தொடங்கிவைக்கும் பாக்ஸ்6 மரபணு மட்டும் பொது மூதாதையிடமிருந்து வந்தது. உறுப்பு வேறு, அதை இயக்கும் மரபணு வேறு. ஒன்றின் விடையை மற்றதற்கு எழுதினால் தவறாகும்.

பழைய நூல்களைப் படிப்போருக்கு ஒரு எச்சரிக்கை. ஆங்கில உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1843இல் இந்த இரு சொற்களையும் வரையறுத்தபோது பரிணாமத்தை அடிப்படையாகக் கொள்ளவில்லை. டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல். பொது மூதாதை என்ற நிபந்தனை பிறகு சேர்ந்தது.

கொம்பு: கையில் எடுத்துப் பார்த்தால்

பெயர்களை நம்பினால் இங்கே தோல்விதான். கேளையாடு என்ற பெயரில் ஆடு இருக்கிறது, ஆனால் அது மான் குடும்பம். வெளிமான் என்ற பெயரில் மான் இருக்கிறது, ஆனால் அது இரலை, மாட்டுக் குடும்பம். சருகுமான் இரண்டு குடும்பத்திலும் இல்லை. அதற்குக் கொம்பே கிடையாது.

அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். மானின் கிளைக்கொம்பு முழுக்க எலும்பு, உட்குழி இல்லை. இயல்பாக உதிர்ந்ததாக இருந்தால் அடியில் கரடுமுரடான வட்ட விளிம்பும், நடுவில் சொரசொரப்பான உதிர்ந்த முகமும் தெரியும். இது ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். வளரும்போது மென்முடி நிறைந்த தோல் மூடியிருக்கும். மாடு, ஆடு, இரலை ஆகியவற்றின் கொம்போ எலும்புத் தண்டின்மேல் மாட்டிய கெரட்டின் (நகத்தில் உள்ள புரதம்) உறை. தண்டு கழன்ற உறை உள்ளே கூம்பு வடிவில் வெற்றாக இருக்கும். அது கிளைப்பதில்லை, உதிர்வதில்லை, உடைந்தால் உடைந்ததுதான்.

‘கிளைத்திருந்தால் மான்’ என்ற விதியை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். இளம் ஆண் மானின் முதல் கொம்பு கிளையற்ற குச்சியாக இருக்கலாம். அமெரிக்கப் பிராங்ஹார்னின் உறை கிளைத்தும் இருக்கும், ஆண்டுதோறும் கழன்றும் விழும், உள்ளே எலும்புத் தண்டு மட்டும் நிலைத்திருக்கும். ‘கொம்பு இருந்தால் ஆண்’ என்பதைப் பனிமான் கெடுக்கும். அதில் பெண்ணுக்கும் கிளைக்கொம்பு உண்டு. காண்டாமிருகக் கொம்பில் எலும்புத் தண்டே இல்லை, முழுவதும் கெரட்டின். ஒட்டகச்சிவிங்கியின் தலைமேல் இருப்பவை தோல் மூடிய எலும்பு முனைகள்.

புழு, கூட்டுப்புழு, கூடு

புழு என்பது அன்றாடப் பேச்சில் நீண்டு நெளியும் எதையும் குறிக்கும். மண்புழு முழு வளர்ச்சியடைந்த விலங்கு. கம்பளிப்புழு ஒரு பூச்சியின் இளம் பருவம். எனவே ‘புழு’ என்று எழுதுமுன் அது விலங்கின் பெயரா, பருவத்தின் பெயரா என்று கேளுங்கள்.

முழு உருமாற்றமுள்ள பூச்சிகளில் முட்டை, லார்வா, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு பருவம். வெட்டுக்கிளி, கரப்பான் போன்றவற்றில் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. அவற்றின் குஞ்சுகள் நிம்ஃப். அடையாளம் காண முதுகைப் பாருங்கள்: சற்று வளர்ந்த நிம்ஃபில் சிறகு மொட்டுகள் வெளியே தட்டையாகத் தெரியும், லார்வாவில் தெரியாது.

கூட்டுப்புழு என்பது பருவம். கூடு என்பது அதற்கு வெளியே இருக்கும் பொருள். பட்டுப்பூச்சியின் லார்வா இழை நூற்றுக் கூடு கட்டி, உள்ளே கூட்டுப்புழுவாகிறது. பட்டாம்பூச்சிகளில் பெரும்பாலானவை கூடு கட்டுவதில்லை. தோல் உரிந்ததும் தொங்குவது வெறும் கூட்டுப்புழுவேதான். பெயரில் கூடு இருப்பதால் உள்ளே ஒன்று இருக்கும் என்று எண்ணி அதைப் பிரிக்க முயல்வார்கள். பிரித்தால் பூச்சி செத்துப்போகும்.

இலையில் ஊரும் ஒரு லார்வா வண்ணத்துப்பூச்சி வகையா, ரம்பக்குளவி வகையா என்று அறிய வயிற்றுப்பகுதியின் சதைப்பற்றான போலிக்கால்களை எண்ணுங்கள். மார்பின் மூன்று இணை உண்மைக் கால்களை விட்டுவிட்டு எண்ண வேண்டும். ஐந்து இணை அல்லது அதற்குக் குறைவு என்றால் வண்ணத்துப்பூச்சியோ அந்துப்பூச்சியோ; ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் ரம்பக்குளவி. சந்தேகம் தீராவிட்டால் உருப்பெருக்கியால் போலிக்காலின் நுனியைப் பாருங்கள்: நுண்ணிய கொக்கிகள் வரிசையாக இருந்தால் முதல் வகை.

விரைவாகத் தீர்க்கக்கூடியவை

கழிவுநீக்கமும் மலம் வெளியேற்றமும்: அந்தப் பொருள் உடலின் செல்களுக்குள் உருவானதா, அல்லது செரிக்காமல் குடல்வழியே கடந்து போனதா? பறவையின் எச்சத்தில் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். வெள்ளைப் பகுதி சிறுநீரகத்திலிருந்து வந்த யூரிக் அமிலம், கருத்த பகுதி மலம்.

கொன்றுண்ணியும் ஒட்டுண்ணியும்: எத்தனை உயிர்களைத் தின்கிறது, அவை சாகின்றனவா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். வாழ்நாளில் பலவற்றைக் கொன்றால் கொன்றுண்ணி. ஓர் உயிரின்மேல் தங்கி அதைப் பெரும்பாலும் சாகவிடாமல் தின்றால் ஒட்டுண்ணி. லார்வாப் பருவத்தில் ஒரே ஓர் உயிரைத் தின்று கொன்றேவிட்டுப் பிறகு தனித்து வாழ்ந்தால் பாராசிட்டாய்டு. வேளாண் நூல்களில் ‘முட்டை ஒட்டுண்ணி’ என்று வரும் டிரைக்கோகிரம்மா குளவி உண்மையில் இந்தக் கடைசி வகை.

கூட்டுயிர் வாழ்வு என்பதை இருவருக்கும் நன்மை தரும் உறவு என்று மட்டும் எழுதுவது குறுகல். ஜெர்மன் தாவரவியலாளர் டி பாரி 1879இல் தந்த பொருள் வெவ்வேறு உயிர்கள் சேர்ந்து வாழ்வது. அதில் ஒட்டுண்ணி வாழ்வும் அடங்கும்.

உருமறைப்பில் பார்ப்பவர் கண்ணில் விலங்கு படவே கூடாது. போலித்தோற்றத்தில் கண்ணில் பட வேண்டும், ஆனால் வேறொன்றாகத் தெரிய வேண்டும். போலித்தோற்றத்திலும் பேட்ஸ் வகையா முல்லர் வகையா என்பது போலி செய்யும் உயிரும் தின்னத்தகாததா என்பதைப் பொறுத்தது: தின்னத்தகாதது என்றால் முல்லர் வகை, இல்லையென்றால் பேட்ஸ் வகை. தின்னத்தகாத மோனார்க் பட்டாம்பூச்சியைப் போலிருக்கும் வைசராய் பட்டாம்பூச்சி பேட்ஸ் வகைக்கு எடுத்துக்காட்டாக நெடுங்காலம் நூல்களில் இருந்தது. அதுவும் பறவைகளுக்குச் சுவைக்காது என்று 1991இல் ஆய்வு காட்டியபின் முல்லர் வகைக்கு நகர்ந்தது.

முட்டையிடுவதும் குட்டி ஈனுவதும்: ‘கரு எங்கே வளர்கிறது’, ‘கருவுக்கு உணவு எங்கிருந்து’ என்று இரண்டு கேள்விகள். முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்து குட்டி வெளிவருவதைக் குறிக்கும் பழைய இடைநிலைச் சொல் (ovoviviparity) இவ்விரண்டையும் குழப்புகிறது. ‘குட்டி ஈனும், கரு மஞ்சள் கருவால் வளரும்’ என்று பிரித்தே எழுதுங்கள். ஐரோப்பாவின் குட்டி ஈனும் பல்லியில் சில கூட்டங்கள் குட்டி ஈனுகின்றன, சில முட்டையிடுகின்றன. இனம் ஒன்றே. இங்கே சொல் ஒட்டுவது இனத்தின்மீது அல்ல, அந்தக் கூட்டத்தின்மீது. மூன்றாம் பத்தியில் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.